நேத்து வரைக்கும் ஓடுன புரோக்ராம்

மெஷின் நின்னுபோச்சுன்னு போன் வந்தா முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான், "ஏனுங்கண்ணா, புரோக்ராம் அடிச்சிருச்சு போல, லேப்டாப் எடுத்துட்டு வந்துருங்க". திருப்பூர், பெருந்துறை பக்கம் டையிங் யூனிட்டுகளுக்கு சர்வீஸ் போய்ட்டு இருக்கேன், இந்த வரியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கில்ல. போய்ப் பாத்தா அதுல முக்காவாசி சென்சார் ஒயர், ரிலே, வால்வு, ஏர் லைன், ஸ்டீம் ட்ராப் (ஸ்டீம் குளுந்து ஆன தண்ணியை மட்டும் வெளிய விடுற சாமான்)னு வெளிய எங்கயோ முடியும். அப்புறம் ஏன் எல்லாருக்கும் முதல் சந்தேகம் புரோக்ராம் மேலயே வருதுன்னா, பேனலுக்குள்ள அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியாத சாமான், தெரியாத ஒண்ணு மேல பழி போடுறது சுலபம்.

ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு வருஷமா ராத்திரி பகலா ஓடுன லாடர்ல (புரோக்ராம் எழுதுற மொழி) ஒரே ஒரு லைன் மட்டும் திடீர்னு ராத்திரி ரெண்டு மணிக்கு மாறிடுமா? ரப்பர் தேயும், பித்தளை அரிக்கும், ஒயர் ஒடியும், ஸ்பிரிங் தளரும், புரோக்ராம் தேயாது. பழைய பிஎல்சிகள்ல, அதாவது மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்கள்ல, புரோக்ராம் ரேம்ல இருக்கும், ஒரு சின்ன பேட்டரிதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், பேட்டரி செத்து அதே நேரம் கரண்டும் போச்சுன்னா மொத்தமும் போயிரும், உண்மைதான், ஆனா அப்படிப் போனா ரன் லைட்டே வராது, மெஷின் அசையவே அசையாது. "எல்லாம் ஓடுது, ஹீட்டிங் மட்டும் சரியில்ல"ன்னா அது புரோக்ராம் போன கதை கிடையாது.

இங்க ஒரு பழைய விஷயம் சொல்லணும். 1968ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸோட ஹைட்ரமேட்டிக் கியர்பாக்ஸ் பிரிவு, ரிலே (கரண்ட்ல இழுபடுற ஸ்விட்ச்) பேனலுக்குப் பதிலா வேற எதாச்சும் வேணும்னு கேட்டாங்க, ஏன்னா மாடல் மாறுறப்பல்லாம் ரூம் ரூமா இருக்கிற ரிலேக்களை ஒயர் மாத்தணும், ஃபால்ட் வந்தா ஆயிரக்கணக்கான கான்டாக்ட்ல எது ஒட்டிக்கிச்சுன்னு தேடணும். டிக் மோர்லியும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ்ல அவர் கூட இருந்தவங்களும் செஞ்ச பிஎல்சி பெட்டிதான் மோடிகான் 084, அந்தக் கம்பெனியோட 84ஆவது ப்ராஜெக்ட், அதான் அந்த நம்பர். இதுல எனக்கு முக்கியமாப் படுறது என்னன்னா, லாடர்ங்கிற மொழியை ரிலே டிராயிங் மாதிரியே வச்சதுக்குக் காரணமே ஷாப் ஃப்ளோர்ல நிக்கிற எலக்ட்ரீஷியன் அதைப் படிக்கணும்ங்கிறதுதான். அதனால பிஎல்சியை பூட்டி வச்ச மர்மப் பெட்டி மாதிரி பாக்க வேண்டியதில்ல. எது வந்துச்சு, எது வரலைன்னு ஃபால்ட் நேரத்துல சாட்சி சொல்றதே அதுதான்.

சரி, ஒரு நிஜ கேஸை எடுத்துக்கலாம், அதுலயே பாதி விஷயம் வந்துரும்.

ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷின் (மூடுன தொட்டிக்குள்ள துணியைச் சாயத் தண்ணியோட சுத்த விடுறது), பாலியெஸ்டர் ஓட்டுறாங்க. பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் டை ஏறணும்னா 130 டிகிரி வரைக்கும் பிரஷர்ல கொண்டுபோய் அங்கயே ஹோல்ட் பண்ணணும், போற வழியிலயும் நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை டிகிரின்னு நிதானமா ஏத்தணும், இல்லைன்னா துணி ஒரு பக்கம் அடர்த்தியா ஒரு பக்கம் வெளுப்பா வரும். இந்த மெஷின்ல ஹோல்ட்ல நிக்க மாட்டேங்குது, 127க்கும் 133க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிட்டே இருக்கு, ரெண்டு வாரமா. ஷேட் சரியா வராம லாட்டுகளை மறுபடி போட்டுட்டு இருக்காங்க, மொதலாளிக்கு வயித்தெரிச்சல், டைமாஸ்டருக்கு தூக்கமில்ல.

பேனல் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, அதுல பிஐடி (சூட்டைப் பாத்து வால்வை எவ்வளவு திறக்கணும்னு கணக்குப் போடுற பிளாக்) வேல்யூ பென்சில்ல எழுதி அடிச்சு எழுதி அடிச்சு. கெயின் (வித்தியாசத்துக்கு எவ்வளவு பலமா பதில் கொடுக்கணும்ங்கிறது) 4, அடிச்சுட்டு 3, அடிச்சுட்டு 2, கடைசியா 1.5. இன்டெக்ரல் டைம் (வித்தியாசத்தை எவ்வளவு மெதுவா சேத்துக்கிட்டே போகணும்ங்கிறது) 240 செகண்ட், அப்புறம் 300, அப்புறம் 600. யார் யாரோ வந்து மாத்தியிருக்காங்க, எல்லாரும் நல்ல எண்ணத்துலதான். முன்னாடி ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டு இருந்தது இப்ப பதினொரு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆடுதாம், "கொஞ்சம் பரவால்லைங்கண்ணா"ங்கிறார் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன். ஆட்டத்தோட உயரம் அப்படியேதான் இருக்கு, வேகம் மட்டும் குறைஞ்சிருக்கு, இதை மனசுல வச்சுக்கங்க.

நான் அந்த மாதிரி இடத்துல முதல்ல செய்றது, அந்த 130ங்கிற நம்பர் எங்கருந்து கிளம்பி எங்க போகுதுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டுக்கிறது. மெஷினுக்குள்ள சூட்டை அளக்குற பிடி100 சென்சார், அதோட ரெசிஸ்டன்ஸ் 0 டிகிரில 100 ஓம், 130ல 149.8 ஓம். அது சென்சார் ஹெட்ல இருக்கிற டிரான்ஸ்மிட்டருக்குப் (ரெசிஸ்டன்ஸை 4 டு 20 மில்லி ஆம்ப் கரண்டா மாத்துறது) போகுது, ரேஞ்ச் 0 டு 200 டிகிரி, அப்ப 130க்கு 14.4 மில்லி ஆம்ப் வரணும். அது பிஎல்சியோட அனலாக் கார்டுக்குள்ள போனா, இந்த மெஷின்ல இருந்த சீமென்ஸ் எஸ்7-300ல 4 டு 20 மில்லி ஆம்ப்புக்கு 0 டு 27648னு எண்ணும், அதனால 17971 சுமார் வரணும். அதை ஸ்கேல் பண்ணி 130.0ன்னு பிஐடிக்கு கொடுக்குறோம். பிஐடி ஒரு பர்சன்டேஜ் தரும், ஹோல்ட்ல 22ன்னு வச்சுக்கங்க, அது அவுட்புட் கார்டுல 7.52 மில்லி ஆம்ப், அது ஐ/பி கன்வெர்ட்டர்ல (கரண்டை ஏர் பிரஷரா மாத்துறது) 3 டு 15 பிஎஸ்ஐ ஏர்ல 5.6 சொச்சம் பிஎஸ்ஐ, அது ஸ்டீம் வால்வு டயாஃப்ரம்மை அமுக்கி கம்பியை நகத்தும், ஸ்டீம் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும், தண்ணி சூடாகும், சூட்டை மறுபடியும் பிடி100 பாக்கும். ஒரு சுத்து முடிஞ்சுது. லூப்ங்கிறது இந்த முழு வட்டமும்தான், பிஐடி பிளாக் அதுல ஒரே ஒரு கட்டம்.

இந்தக் கோட்டை வச்சுக்கிட்டா தேடுறது சுலபம், பாதியில வெட்டிப் பாக்கணும். ஒவ்வொரு முனையிலயும் என்ன இருக்கணும்னு தெரியும், நடுவுல ஒரு இடத்துல மீட்டரை வச்சுப் பாத்தா ஃபால்ட் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தெரிஞ்சுரும், அப்புறம் மிச்ச பாதியை மறுபடி பாதியாக்கலாம். சென்சார் பக்கம் சந்தேகமா, பிடி100 ஒயரை எடுத்துட்டு ஒரு 150 ஓம் பிரெசிஷன் ரெசிஸ்டரை மாட்டுங்க, ஸ்கிரீன்ல 130.5 பக்கம் காட்டணும், காட்டுனா அங்கருந்து ஸ்கிரீன் வரைக்கும் எல்லாம் சுத்தம். பிடி100ல ஒரு டிகிரிங்கிறது வெறும் 0.385 ஓம், அதனால டெர்மினல் லூசாகி ஒரு ஓம் சேந்துட்டா ரெண்டரை டிகிரிக்கு மேல தப்பாக் காட்டும், ஸ்குரூவை ஒரு திருகு திருகுனா சரியாகிற விஷயத்துக்கு டிரான்ஸ்மிட்டரையே மாத்துனவங்களைப் பாத்திருக்கேன். அதே மாதிரி 4 மில்லி ஆம்ப்ல ஆரம்பிக்கிறதுக்கும் காரணம் இருக்கு, 0 டிகிரின்னாலும் 4 வரும், ஒயர் அறுந்தாத்தான் 0 வரும். அப்ப புரோக்ராம்ல 3.6க்குக் கீழ போனா சென்சார் ஃபெயில்னு அலாரம் போட்டு வால்வை மூடுற மாதிரி எழுதியிருக்கணும். எழுதலைன்னா என்ன ஆகும்னா, ஒயர் அறுந்ததும் பிஎல்சி "ஐயோ தண்ணி ரொம்ப குளிரா இருக்கு"ன்னு நெனச்சு ஸ்டீமை 100 பர்சன்ட் திறந்து விட்டுரும், அதுவும் பிரஷர் வெசல்ல.

சென்சார் சொல்றதை ஒரு தடவை வேற ஒரு கண்ணால சரி பாத்துக்கணும், இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 2005 மார்ச் 23ல டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரில ஒரு டவர் நிரம்பி வழிஞ்சு வெடிச்சு 15 பேர் செத்தாங்க, அப்ப கன்ட்ரோல் ரூம்ல இருந்த லெவல் டிரான்ஸ்மிட்டர், டவர் நிரம்பிட்டு இருக்கிறப்பவே லெவல் மெல்ல இறங்குற மாதிரி காட்டிட்டு இருந்துச்சு, தனியா இருந்த ஹை லெவல் அலாரமும் அடிக்கலை, நேர்ல பாக்குற சைட் கிளாஸும் அழுக்கேறி ஒண்ணும் தெரியாத நிலை. டையிங் மெஷின்ல அந்த அளவுக்குப் பெரிசா எதுவும் இல்லைதான், ஆனா பக்கத்துல ஒரு டயல் தெர்மாமீட்டர் இருக்கும், கண்ணாடில அழுக்கு படிஞ்சு யாரும் பாக்காம, அதைத் துடைச்சுட்டுப் பாக்க அரை நிமிஷம் ஆகாது.

இந்த மெஷின்ல துடைச்சுப் பாத்தோம், டயலும் ஸ்கிரீன் கூடவே 127ல இருந்து 133க்கு ஏறி இறங்குது. அப்ப சென்சார் உண்மைதான் பேசுது, தண்ணி நிஜமாவே ஆடுது.

அடுத்த கேள்வி, ஆட்டுறது யாரு. இதுக்கு இருக்கிறதுலயே நல்ல டெஸ்ட், காசு செலவில்லாத டெஸ்ட், லூப்பை மேனுவல்ல போடுறது. அவுட்புட்டை 22லயே நிறுத்தி வச்சுட்டு பொறுமையா பாத்துட்டே இருக்கணும். ஆட்டம் தொடர்ந்தா வெளிய இருந்து யாரோ ஆட்டுறாங்க, ஸ்டீம் ஹெடர் (எல்லா மெஷினுக்கும் ஸ்டீம் பிரியுற பெரிய பைப்) பிரஷர் ஏறி இறங்குதா, பக்கத்து மெஷின் ஸ்டீமை இழுக்குதான்னு அந்தப் பக்கம் போகணும். ஆட்டம் நின்னுட்டா ஆள் இந்த லூப்புக்குள்ளயே இருக்கான். போட்டோம், கால் மணி நேரத்துல டெம்பரேச்சர் 128 சொச்சத்துல கோடு போட்ட மாதிரி நின்னுருச்சு. எலக்ட்ரீஷியன் முகத்துல ஒரு சந்தோஷம், "அப்ப பிஐடிதானுங்களாண்ணா?" அப்படித்தான் எல்லாருக்கும் தோணும், ஆனா லூப்புக்குள்ளன்னா பிஐடியும் இருக்கு, வால்வும் இருக்கு.

ஸ்டீம் வால்வுக்குக் கீழ போய் கம்பில மார்க்கர்ல மெல்லிசா ஒரு கோடு போட்டேன், யோக் (அசையாத சட்டம்) பக்கத்துல ஒரு கோடு, ரெண்டும் நேருக்கு நேர். மேல இருந்து அவர் நிமிஷத்துக்கு ஒரு பர்சன்ட்டா அவுட்புட்டை ஏத்துறார், போன்ல சொல்லிட்டே. 23, கோடு அசையலை. 24, 25, 26, அசையலை. ஐ/பி பக்கத்து கேஜ்ல ஏர் பிரஷர் ஒழுங்கா ஏறிட்டு இருக்கு, அதைக் கண்ணால பாக்குறேன். 29, அசையலை. 30ன்னு அவர் சொன்ன அடுத்த நொடி டக்குனு ஒரு சத்தம், கம்பி ஒரே குதியா ஒண்ணரை மில்லி நகந்துச்சு. 20 மில்லி ஸ்ட்ரோக் வால்வுல அது ஏழெட்டு பர்சன்ட். இறக்கிப் பாத்தோம், 21 வர்ற வரைக்கும் அசையலை, அப்புறம் மறுபடி டக்.

கதை இவ்வளவுதான். டெம்பரேச்சர் குறையுது, பிஐடி கொஞ்சம் கொஞ்சமா அவுட்புட்டை ஏத்துது, வால்வு கேக்கலை, இன்டெக்ரல் சேந்துட்டே போகுது, ஒரு கட்டத்துல வால்வு பிடியை விட்டுக் குதிக்குது, தேவைக்கு மேல திறந்துருது, சூடு 130ஐத் தாண்டிப் போகுது, பிஐடி இப்ப இறக்க ஆரம்பிக்குது, வால்வு மறுபடி கேக்கலை. இந்த ஒட்டிப்பிடிக்கிற குணம் இருக்கிற வரைக்கும் எந்த வேல்யூ போட்டாலும் ஆட்டம் இருக்கும், இன்டெக்ரல் டைமைக் கூட்டுனா அந்த ஏழெட்டு பர்சன்ட்டைக் கடக்க இன்னும் நேரம் எடுக்கும், அவ்வளவுதான், ஆறு நிமிஷம் பதினொண்ணு ஆனதுக்குக் காரணம் அதுதான். ஸ்கிரீன்ல ட்ரெண்டு கிராஃபைப் பாத்தாலும் தெரியும், அவுட்புட் கோடு ரம்பப் பல் மாதிரி நேரா ஏறி நேரா இறங்கும். டியூனிங் (பிஐடி வேல்யூ சரி பண்றது) தப்பால வர்ற ஆட்டம் பெரும்பாலும் வளைஞ்சு வளைஞ்சு அலை மாதிரி இருக்கும். 1942ல சீக்லரும் நிக்கல்ஸும் டியூனிங்குக்கு ஒரு வழி சொன்னாங்க, இன்னைக்கும் எல்லா புக்லயும் அதுதான் இருக்கு, ஆனா அந்தக் கணக்கெல்லாம் சொன்ன இடத்துக்கு வால்வு போகும்னு நம்பித்தான் போடுறது.

ஏன் ஒட்டுச்சு? ஃபிட்டர்கிட்ட கேட்டேன். அவர் மறைக்கவெல்லாம் இல்லை, நேரா சொன்னார், "ஒரு ரெண்டு மூணு வாரம் முன்னாடி கிளாண்டுல ஸ்டீம் லீக் ஆச்சுங்க, ரெண்டு சுத்து டைட் வச்சேன்". கிளாண்டுங்கிறது கம்பியைச் சுத்தி பேக்கிங் அடைச்சிருக்கிற இடம். அவர் செஞ்சது சரியான வேலை, ஸ்டீம் லீக்கை விடக்கூடாது, ஆனா பேக்கிங் காஞ்சு போயிருந்ததால டைட் வச்சதும் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அந்த வால்வுல பொசிஷனரும் கிடையாது, ஐ/பி நேரா டயாஃப்ரம்முக்கு, பொசிஷனர் இருந்திருந்தா கம்பி எங்க நிக்குதுன்னு பாத்து கூடுதல் ஏர் கொடுத்துத் தள்ளியிருக்கும். ரெண்டு வாரமா வந்து போன எல்லாரும் "கடைசியா என்ன மாத்துனீங்க"ன்னு எலக்ட்ரீஷியன்கிட்டதான் கேட்டிருக்காங்க, கிளாண்ட் டைட் வச்சதை மாத்தம்னு யாரும் கணக்குல எடுக்கலை. பேக்கிங் மாத்தி, பழைய 4க்கும் 240க்கும் திருப்பிப் போட்டதும் 130ல நின்னுச்சு.

அதுக்காக புரோக்ராம் எப்பவும் சுத்தம்னு நான் சொல்ல வரலை, புரோக்ராம்ல இருக்கிற தப்பு வேற மாதிரி இருக்கும், அது முதல் நாள்ல இருந்தே உள்ள இருக்கும், வெளிய வர்றதுக்கு ஒரு சந்தர்ப்பம் வேணும். பிஐடி பிளாக்கை எங்க கூப்பிடுறோம்ங்கிறது இதுல ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம். இன்டெக்ரல்ங்கிறது நேரத்தைக் கூட்டுற கணக்கு, அதனால போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பிளாக்குக்குத் தெரியணும். எஸ்7-300ல அதுக்குத்தான் ஓபி35ன்னு ஒண்ணு, டீஃபால்ட்டா 100 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை சரியா ஓடும், பிஐடி பிளாக்கான எஃப்பி41ஐ அதுக்குள்ள வச்சு சைக்கிள்ங்கிற இடத்துல 100 மில்லி செகண்டுன்னு கொடுக்கணும். சில பேர் அதை மெயின் ஸ்கேன்ல (புரோக்ராம் முழுசும் திரும்பத் திரும்ப ஓடுறது) ஓபி1லயே கூப்பிட்டுருவாங்க. ஸ்கேன் டைம் 12 மில்லி செகண்டுன்னா, பிளாக் ஒவ்வொரு தடவையும் 100 ஆச்சுன்னு நெனச்சுக் கூட்டும், இன்டெக்ரல் எட்டு மடங்கு வேகமா ஓடும். மெஷினை முதல்ல ஓட்டிக் கொடுக்குற கமிஷனிங்ல டியூன் பண்றவர் அந்த வேகத்துக்கே வேல்யூவைத் தட்டித் தட்டி ஒரு மாதிரி நிறுத்திட்டுப் போயிருவார், மெஷினும் ஓடும். ரெண்டு வருஷம் கழிச்சு யாரோ புது ரெசிபி லாஜிக், ரிப்போர்ட்டுன்னு சேக்குறாங்க, ஸ்கேன் 20 மில்லி செகண்டாகுது, இப்ப இன்டெக்ரல் அஞ்சு மடங்குதான் ஓடும், லூப்போட நடத்தையே மாறிடும், பிஐடியை யாரும் தொடவே இல்லைன்னு எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க, அதுவும் உண்மைதான்.

இன்னொண்ணு, அவுட்புட் லிமிட். ஸ்டீம் வேகமாத் திறந்தா பைப்ல சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம் வருதுன்னு வால்வை 60க்கு மேல போக விடக்கூடாதுன்னு முடிவு பண்றாங்க, சரியான முடிவு. ஆனா அந்த 60ஐ பிஐடி பிளாக்கோட ஹை லிமிட்ல கொடுக்காம, பிளாக்குக்கு வெளிய ஒரு கம்பேர் போட்டு 60க்கு மேல வந்தா 60ன்னு எழுதிடறாங்க. பிளாக்குக்கு அது தெரியாது, தான் 100 கொடுத்துட்டு இருக்கேன்னு நெனச்சு உள்ள சேத்துட்டே போகும், சூடு 130ஐத் தொட்ட பிறகும் அந்தச் சேமிப்பு கரையுற வரைக்கும் வால்வு 60லயே நிக்கும், 134, 135ன்னு ஓவர்ஷூட் ஆகும். லிமிட்டை உள்ள நகத்துனாப் போதும்.

ஸ்டீம் பக்கமும் ஒரு வார்த்தை. 6 பார் ஸ்டீம் ஏறக்குறைய 165 டிகிரி, 130 தண்ணிக்கும் அதுக்கும் 35 டிகிரி வித்தியாசம் இருக்கு, அதே ஹெடர் 3 பாருக்கு விழுந்தா ஸ்டீம் 144தான், வித்தியாசம் 14. சூடு ஏறலைன்னா அங்க பிஐடில தேடிப் பிரயோஜனமில்ல, பாய்லர் ஆளைக் கூப்பிடணும்.

இப்ப ஆன் ஆஃப் பக்கம். தினசரி பிரேக்டவுன்ல பெரும்பங்கு இதுதான், ராத்திரில ப்ராக்சிமிட்டி சென்சார் (தொடாமலே பொருள் கிட்ட வந்ததைச் சொல்றது) மாத்துறாங்க, சென்சார்ல லைட் எரியுது, பிஎல்சில இன்புட் லைட் வரலை, "கார்டு போச்சு"ன்னு போன். இருந்தது பிஎன்பி, ஸ்டோர்ல கெடைச்சது என்பிஎன், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிஎன்பி 24 வோல்ட்டைக் கொடுக்கும், என்பிஎன் ஜீரோவுக்கு இழுக்கும், கார்டு எதுக்கு ஒயர் பண்ணியிருக்கோ அதுதான் வேணும். மீட்டரை இன்புட் டெர்மினல்ல வச்சா ஒரு நிமிஷத்துல தெரியுற விஷயம்.

அவுட்புட்ல ஏமாத்தம் இன்னும் அதிகம். ஸ்கிரீன்ல வால்வு பச்சையா இருக்கு, திறந்திருக்குன்னு அர்த்தமா? பல ஸ்கிரீன்ல அந்தப் பச்சை, பிஎல்சி அவுட்புட் பிட்டைத்தான் காட்டுது, "நான் திற-ன்னு சொல்லிட்டேன்"ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். நடுவுல ரிலே இருக்கு, ரிலே கான்டாக்ட் இருக்கு, சொலினாய்டு காயில் (கரண்ட் வந்தா ஏரைத் திறந்து விடுறது) இருக்கு, ஏர் இருக்கு, வால்வு இருக்கு. 1979 மார்ச் 28 விடிகாலை நாலு மணிக்கு பென்சில்வேனியாவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலைல நடந்தது இதேதான், ஒரு ரிலீஃப் வால்வு திறந்து மூடாம மாட்டிக்கிச்சு, கன்ட்ரோல் ரூம்ல இருந்த விளக்கு அணைஞ்சுருச்சு, ஏன்னா அந்த விளக்கு சொலினாய்டுக்கு பவர் போகுதா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், வால்வு எங்க நிக்குதுன்னு சொல்லாது. அங்க இருந்தவங்க வால்வு மூடிருச்சுன்னே நம்பி ரெண்டு மணி நேரத்துக்கு மேல போச்சு, அதுக்குள்ள உலைல இருந்த தண்ணி அது வழியா போய்ட்டே இருந்துச்சு, கோர்ல ஒரு பகுதி உருகுச்சு. அதனாலதான் முக்கியமான வால்வுக்கெல்லாம் திறந்ததுக்கு ஒரு லிமிட் ஸ்விட்ச், மூடுனதுக்கு ஒரு லிமிட் ஸ்விட்ச் வச்சு, கமாண்ட் கொடுத்து இத்தனை செகண்டுக்குள்ள ஃபீட்பேக் வரலைன்னா அலாரம்னு எழுதணும்னு நான் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுறேன், செலவு ரெண்டு ஸ்விட்சும் கொஞ்சம் ஒயரும்தான்.

அலாரம்னதும் இன்னொரு தலைவலி. மெஷின் ட்ரிப் ஆனா ஸ்கிரீன்ல ஒரே நேரத்துல பதினாலு அலாரம் வந்து நிக்கும், பம்ப் நின்னதால பிரஷர் குறைவு, பிரஷர் குறைஞ்சதால ஃப்ளோ இல்லை, ஃப்ளோ இல்லாததால ரீல் ட்ரிப், எது முதல்ல வந்துச்சுன்னு தெரியாது. பிஎல்சி ஒரு ஸ்கேனுக்குள்ள எல்லாத்தையும் பாத்துருது, மனுஷக் கண்ணுக்கு எல்லாம் ஒரே நொடி. இதுக்கு லாடர்லயே சின்னதா ஒரு வேலை செய்யலாம், அலாரம் நம்பர் வைக்க ஒரு வேர்டு (பிஎல்சி மெமரில ஒரு இடம்), அது 0வா இருக்கிறப்ப மட்டும் முதல்ல வந்த அலாரத்தோட நம்பரை அதுல எழுதணும், எழுதுனதும் அது 0 இல்லை, அடுத்து வர்றது எதுவும் அதை மாத்த முடியாது, ரிசெட் பட்டன் அமுக்குனா மறுபடி 0. பத்து லைன்கூட ஆகாது. இதைப் போட்டு வச்ச மெஷின்ல ராத்திரி போன் வந்தா "முதல் அலாரம் என்ன நம்பர்"னு கேட்டு பாதி நேரம் படுக்கைல இருந்தே வேலையை முடிச்சிருக்கேன்.

வந்து வந்து போற ஃபால்ட்டுதான் ஆளைக் கொல்றது, நாம போய் நிக்கிறப்ப வராது. அதுக்கு எங்க வருதுன்னு எழுதி வைக்கிறது ஒண்ணுதான் வழி. ஒரு டிராலி, நாளுக்கு ரெண்டு தடவை நிக்கும், எல்லாத்தையும் மாத்திட்டாங்க, சென்சார், கார்டு, பவர் சப்ளை. நிக்கிறப்பல்லாம் டிராலி எந்த இடத்துல இருக்குன்னு தரையில சாக்பீஸால கோடு போடச் சொன்னேன், நாலு நாள்ல ஏழு கோடு, ஏழும் ஒரு முழத்துக்குள்ள. டிராக் செயின் (டிராலி கூடவே ஒயர்களை மடிச்சுக் கொண்டுபோற சங்கிலி) அந்த இடத்துல மடியுறப்ப உள்ள ஒரு கோர் ஒயர் ஒடிஞ்சு, வளைஞ்சா விடுது, நேரானா சேருது, வெளித்தோல் நல்லா பளபளன்னு இருக்கு.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் கோபமாவே சொல்றேன். ஆன்லைன்ல போய் ஒரு இன்புட்டை ஃபோர்ஸ் பண்றதோ (வராததை வந்ததா காட்ட வைக்கிறது), டெர்மினல்ல ஒரு ஜம்பர் (ஸ்விட்சைத் தாண்டிப் போற துண்டு ஒயர்) போடுறதோ டெஸ்டுக்குத் தேவைதான், நானும் செய்வேன், ஆனா அதை எடுக்காம வீட்டுக்குப் போகக்கூடாது. ஹெச்டி மெஷின்ல (அதிக சூட்டுல பிரஷரோட ஓடுறது) மூடிக்கு ஒரு இன்டர்லாக் இருக்கும், உள்ள பிரஷர் இருக்கிற வரைக்கும், சூடு சொன்ன அளவுக்கு இறங்குற வரைக்கும் மூடியைத் திறக்க விடாது. பிரஷர் ஸ்விட்ச் மக்கர் பண்ணுதுன்னு அந்த இன்டர்லாக்ல ஜம்பர் போட்டு வச்சிருந்த பேனலை நான் என் கண்ணால பாத்திருக்கேன், எத்தனை மாசமா இருந்துச்சோ, ஒயர்ல தூசி படிஞ்சு மத்த ஒயர் மாதிரியே ஆயிருச்சு. 130 டிகிரி தண்ணி மூடி திறந்த நொடில ஆவியா வெடிச்சுத்தான் வெளிய வரும், எதிர்ல நிக்கிறது ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வேலைக்கு வந்த ஒரு பையன், பேனலுக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. ஜம்பர் போட்டா சிவப்பு ஒயர், அரை மீட்டர் நீளமா, கதவை மூட விடாம வெளிய தொங்குற மாதிரி போடுங்க, யார் போட்டது எப்ப போட்டதுன்னு ஒரு டேக் கட்டுங்க, ஷிஃப்ட் மாத்துறப்ப புக்ல எழுதுங்க.

அந்த சாஃப்ட் ஃப்ளோ மெஷின் பேனல் கதவுல இருந்த பென்சில் பேப்பரைக் கிழிச்சுட்டு வேற ஒண்ணு ஒட்டிட்டு வந்தேன், மெஷின் நல்லா ஓடுறப்ப எடுத்த நம்பர்: 130 ஹோல்ட்ல ரா வேல்யூ 17971, அவுட்புட் 22, ஐ/பி கேஜ் 5.6, ஹெடர் 6 பார், வால்வு கம்பில மார்க்கர் கோடு இருக்கிற இடம். ஆறு மாசம் கழிச்சு அதே எலக்ட்ரீஷியன் போன் பண்ணார். "அண்ணா, 130 நிக்குதுங்க, ஆனா ஹோல்ட்ல அவுட்புட் 45 கேக்குது, முன்னாடி 22தானுங்க. ஹெடர் 6 இருக்கு, கம்பி கோடும் அதுக்குத் தக்க மேல ஏறித்தான் நிக்குது. தண்ணி வெளிய போகாம எக்ஸ்சேஞ்சர்ல தேங்குதோன்னு தோணுது, ட்ராப்பைக் கழட்டிப் பாக்கட்டுங்களா?"

கழட்டுங்கன்னேன். ட்ராப் ஸ்ட்ரெய்னர் முழுக்க துருவும் சேறும்.